கல்லடிச் சந்தியில் தவத்தின் முகம்

போன செவ்வாய்க்கிழமை காலை கல்லடிச் சந்தியில் ஓட்டோவை நிறுத்தச் சொன்னேன். மின்கம்பத்தில் புதுப் பெனர் ஒன்று கட்டியிருந்தது. கறுப்புக் கரை. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கீழே 'மைதானத்தின் மன்னன் விலாங்கு இராசரெத்தினம்'. நடுவில், பத்தாம் நம்பர் சட்டை போட்ட ஓர் இளைஞன் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

பெயர் சரி. வயது சரி. ஊர் ஆரையம்பதி — அதுவும் சரி.

முகம்தான் பிழை.

அது என் நண்பன் தவராசாவின் முகம். தவம் உயிரோடு இருக்கிறான். அதுமட்டுமா... அதே விலாங்கின் செத்த வீட்டுக்குப் போவதற்காக வேட்டி கட்டிக்கொண்டு, நான் ஓட்டோ கொண்டுவரும் வரை தன் வீட்டு வாசலில் காத்துக்கொண்டிருக்கிறான்.

வேறு ஆள் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். தவத்துக்கு நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன் செய்து அதிக நாளாகவில்லை. அதிர்ச்சியான எதையும் காதில் போடக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். பார்க்க வருகிறவர்களுக்கு அவன் மனைவி மலர் அதை வாசலிலேயே சொல்லித்தான் உள்ளே விடுவாள். விலாங்கு செத்த செய்தியையே அரை நாள் மறைத்து, சோறு சாப்பிட்ட பிறகுதான் மெல்ல மெல்லச் சொன்னாளாம். அப்படிக் காப்பாற்றி வைத்திருக்கும் மனுசன், சந்தியில் தன் முகத்துக்கே கண்ணீர் அஞ்சலி கட்டியிருப்பதைப் பார்த்தால்?

எங்கள் பந்தாட்டக் கழகச் செயலாளர் ரூபனுக்குப் போன் எடுத்தேன். முப்பது வயதுப் பொடியன். ஆனால் எங்கள் கழகத்தில் எந்த வயதுக் கிழவனும் அண்ணன்தான்.

"தம்பி, பெனர்ல இருக்கிறது விலாங்கு இல்ல. தவம்."



"என்ன அண்ணன் கதைக்கிறீங்க... பத்தாம் நம்பர்தானே? எங்களிட்டக் கிடக்கிற ஒரே படம் அதுதான். நம்பரப் பார்த்துத்தான் வெட்டி எடுத்த."

"எங்கெங்க கட்டின?"

"கல்லடியில இருந்து ஆரையம்பதி மட்டும் அண்ணன். சந்திக்குச் சந்தி." அந்த நேரத்திலும் குரலில் ஒரு பெருமை.

"எல்லாத்தையும் கழட்டு."

"இஞ்சால, ஆரையம்பதியில இருந்து கழட்டிக்கிட்டு வாறம். நீங்க ஆறுதலா வாங்க அண்ணன்."

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே? ஒருவர் கண்ணை மூடினால், தூரத்துச் சொந்தம் வந்து சேர்வதற்கு முதல் பெனர் வந்து சேர்ந்துவிடும். கழகம், சங்கம், பழைய மாணவர் — யார் முதலில் கட்டுவது என்று போட்டி. அந்த அவசரத்தில் முகத்தை யார் சரி பார்க்கிறார்கள்?

பொடியன்களையும் குறை சொல்ல முடியாது. விலாங்கு விளையாடியதை அவர்கள் பார்த்ததில்லை. பத்தாம் நம்பர் என்று கேள்விப்பட்டதோடு சரி. ஆனால் அந்த ஒரே படத்தில் பத்தாம் நம்பர் ஏன் தவத்தின் உடம்பில் இருக்கிறது என்பது பெரிய கதை. அந்தப் படம் எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். விளையாட்டுக்காரனாக இல்லை. அவர்களுடைய செருப்புகளுக்குக் காவலாக.

இராசரெத்தினத்துக்கு விலாங்கு என்று பெயர் வைத்தவர்கள், அவனைப் பிடிக்கப் போய் மண்ணில் விழுந்த எதிர் அணிக்காரர்கள். அந்தப் படம் எடுத்த நாள் இறுதிப் போட்டி. மாரி மழை. கோல் வாசலில் வாவியின் ஒரு துண்டு வந்து படுத்திருப்பது போலத் தண்ணீர். அடிக்கிற பந்தெல்லாம் அதில் சிக்கி நின்றுவிடும். இரண்டு பக்கமும் மழையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். விலாங்கு மட்டும் திட்டவில்லை. கடைசி நேரத்தில் பந்தோடு உள்ளே போனவன், பலமாக அடிக்கப் போகிறவன் மாதிரிக் காலை ஓங்கி, பந்தை மெல்லத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டான். கோல்கீப்பர் மூலைக்குப் பாய்ந்தார். பந்து அசையாமல் தண்ணீரில் நின்றது. இவன் ஆறுதலாக நடந்து போய், அதைக் கால் பெருவிரலால் உள்ளே தட்டிவிட்டான்.

அதற்குப் பிறகு கொழும்புக்குத் தேசிய அணித் தெரிவுக்குக் கூப்பிட்டார்கள். அப்போது சண்டையால் பாதை பூட்டு. பாதை திறந்தபோது அவன் முழங்கால் பூட்டு. வாழ்நாளெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்தான். நெரிசலான பஸ்ஸில் ஒருவர் மீதும் முட்டாமல் பின்கதவு வரை போய்த் திரும்புவான். தெரிந்தவர்கள் அதைப் பார்ப்பதற்கென்றே அந்த பஸ்ஸில் ஏறுவார்கள்.

சரி, படத்துக்கு வருவோம். தவம் அந்த அணியின் மேலதிக ஆட்டக்காரன். கழகத்தில் நம்பர் அடித்த சட்டை பதினொன்றுதான். மேலதிக ஆளுக்கு வெறும் சட்டை. அந்தக் கிழமைதான் மாங்கேணியில் மலர் வீட்டில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மலரின் தகப்பனாருக்குப் பந்தாட்டம் என்றால் உயிர். பந்தடிக்கிற மாப்பிள்ளையின் படம் ஒன்று வேண்டும் என்றாராம். தவம் வெறும் சட்டையோடு மூலையில் ஒடுங்கி நின்றதை விலாங்கு பார்த்தான். சேறு வழிகிற தன் சட்டையைக் கழற்றி அவன் கையில் திணித்தான்.

"இந்தா, போடு. மறுகா கலியாணம் குழம்பினா என்னத்தான் குறை சொல்லுவாய்."

நடுவில் பத்தாம் நம்பராகத் தவம் நின்றான். வரிசையின் கடைசியில், தவத்தின் வெறும் சட்டையோடு விலாங்கு. கலியாணம் நடந்தது. பிறகு கோயில் திருவிழாப் போட்டி ஒன்றில் தவம் விளையாடியதை மலர் நேரில் பார்த்தாள். உண்மை அப்போதுதான் தெரிந்தது; ஆனால் பிந்திவிட்டது.

கழகத்தின் மற்றப் படங்களில் பாதி சண்டைக்குள் போனது, மிச்சத்தைச் சுனாமியில் கடல் கொண்டுபோனது. கனடாவில் இருக்கிற எங்கள் பழைய கோல்கீப்பர் கொண்டுபோன இந்த ஒரு பிரதிதான் வட்ஸ்அப்பில் ஊருக்குத் திரும்பி வந்து கழகச் சுவரில் ஏறியது. அந்தக் காலத்துக்கு மிஞ்சியது ஒரே படம். அதிலும் விலாங்கு தன் நம்பரை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறான்.

ஓட்டோக்காரர் ஹனீபா காக்கா காத்தான்குடி ஆள். நான் போனில் கதைத்ததை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கட வாப்பா விலாங்குட ஆட்டம் பார்க்கக் கடையப் பூட்டிட்டுப் போனவரு. ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. கடற்கரை றோட்டால போவம்."

தவம் வீட்டுக்குப் போய், அவனை நடுவில் உட்காரவைத்து, ஒரு பக்கம் மலர், மறு பக்கம் நான். "காத்து நல்லாரிக்கும்" என்று சொல்லி ஹனீபா காக்கா கடற்கரைப் பக்கம் திருப்பினார். ஆனால் அந்த றோட்டு எவ்வளவு தூரத்துக்குக் காப்பாற்றும்? நாவற்குடாவில் பெரிய றோட்டுக்கு ஏறத்தான் வேண்டும். ஏறினோம். தூரத்தில் கறுப்புக் கரை தெரிந்தது. என் நெஞ்சு அடித்த அடிக்கு, ஒப்பரேஷன் எனக்குத்தான் செய்திருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத் தவம் மலர் பக்கம் திரும்பினான். "புள்ள, அந்தக் குளிசைய ஒருக்கா எடு." மலர் மருந்துப் பைக்குள் தலை குனிந்து தேடினாள். பெனர் கடந்துபோனது. ஆண்டவன் எங்கள் பக்கம் என்று நினைத்தேன்.

காத்தான்குடி எல்லையில் இன்னொன்று. நான் முன்னுக்குச் சாய்ந்து மறைப்பதற்கு முதல், மலர் ஓட்டோவுக்குள்ளேயே குடையை விரித்துவிட்டாள். கம்பி என் காதில் குத்தியது.

"வெயில் படுது" என்றாள்.

வெயில் மற்றப் பக்கம். தவம் கண்ணை மூடிக்கொண்டான். களைத்துவிட்டானோ, மூச்சு வாங்குகிறதோ என்று நான் அவன் மேல்துண்டு அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். காத்தான்குடிக்குள் றோட்டு நடுவில் நட்ட ஈச்ச மரங்கள் மட்டும்தான்; பெனர் இல்லை. அதற்கு அப்பால் கம்பங்கள் வெறுமையாக இருந்தன. ரூபன் ஆட்கள் வேலை செய்திருக்கிறார்கள். எனக்கு மூச்சு வந்தது.

ஆரையம்பதியில் செத்த வீட்டு ஒழுங்கை. வெள்ளைக் கொடிகள். வாசலுக்கு நேரே, கடைசிப் பெனர். மற்றவற்றைவிட இரண்டு மடங்கு பெரிது; அதனால் கடைசிக்கு விட்டிருக்கிறார்கள். ரூபன் ஏணியில் நின்று முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஒரு மூலை அவிழ்ந்து, தவத்தின் முகம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

ஓட்டோ அதற்கு நேரே போய் நின்றது.

"தவம், பொறு..." என்றேன். மலர் குடையோடு போராடினாள். தவம் என் முழங்காலைத் தாண்டி இறங்கி, நேரே நடந்து போய், நிமிர்ந்து பார்த்தான்.

"விடுங்க ரெண்டு பேரும். எனக்கு விடியக்காத்தாலயே தெரியும்" என்றான்.

விடியவே கனடாவில் இருந்து கோல்கீப்பர் போன் எடுத்தானாம். பேஸ்புக்கில் பெனரைக் கண்டு, பெயரை வாசிக்காமல் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, மலருக்கு ஆறுதல் சொல்ல எடுத்திருக்கிறான். போனை எடுத்தது தவம். "நான்தான்டா கதைக்கிறன் எண்டு சொன்னா, அவன் பயந்து போனை வெச்சிட்டான்."

"அப்ப குளிசை?" என்றேன்.

"மலர் கண்டுடுவாள் எண்டுதான். அவள் தாங்க மாட்டாள்."

மலர் குடையைக் கீழே போட்டாள். "நான் நேத்துப் பின்னேரமே கோயிலடியில கண்டுட்டன். ராவெல்லாம் உங்கட நெஞ்சில கைய வெச்சுப் பார்த்துக்கிட்டுக் கிடந்தன்."

மூன்று பேரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு, தோளோடு தோள் இடித்தபடி வந்திருக்கிறோம். எங்கள் வீடுகளில் அன்பு என்பதில் பாதி இந்த மறைப்புத்தான் போலிருக்கிறது.

தவம் ரூபனைக் கீழே இறங்கச் சொல்லி, அவன் மொபைலில் முழுப் படத்தையும் எடுக்கச் சொன்னான். விரலை வைத்துக் காட்டினான்.

"இந்தா, கடைசியில, வெறும் சட்டையோட, பல்லு முழுக்கத் தெரிய நிக்கிறான் பார். அவன்தான் பத்தாம் நம்பர்."

பொடியன்கள் சுற்றி வந்து எட்டிப் பார்த்தார்கள். எத்தனை வருடமாகக் கழகச் சுவரில் தொங்கிய படம்... அந்த முகத்தை அன்றுதான் முதல்முறை பார்க்கிறார்கள். ரூபன் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். முகம் புள்ளி புள்ளியாக உடைந்தது.

"அண்டைக்கு அவன்ட சட்டைய நான் போட்டன். இண்டைக்கு என்ட முகத்த அவன் போட்டிரிக்கான்" என்றான் தவம். நின்ற இடத்திலேயே அழுதான். அழக்கூடாது என்றும் டொக்டர் சொல்லியிருப்பார். மலர் தடுக்கவில்லை. முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

பெனர் இறங்கியது. ரூபன் அதைக் கிழிக்கப் போனான்.

"கிழிக்காத தம்பி, அத எனக்குத் தா. மறுகா எப்படியும் தேவைப்படும்தானே? பேர மட்டும் மாத்தினாச் சரி" என்றான் தவம்.

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் எல்லாரும் மலரைப் பார்த்தோம். "அது என்ட வீட்டுப் படி ஏறாது" என்றாள் மலர். அதில் பேச்சுக்கு இடமில்லை.

அதனால் அது இப்போது என் வீட்டு அலுமாரிக்கு மேல், பழைய துணியில் சுற்றியபடி இருக்கிறது. தவம் தினமும் காலையில் போன் எடுக்கிறான். அந்த அழைப்பு கொஞ்சம் பிந்தினாலும் எனக்குத் தேத்தண்ணி இறங்குவதில்லை. எடுத்தால் ஒரே கேள்விதான் — "பெனர் பத்திரமா இரிக்கா?"

"இரிக்கு மச்சான்," என்பேன். "அவசரமில்ல."