சிவப்புப் பலகைக் கடையில் சோறு

மழை விட்ட பின்னேரங்களில் அந்த வாசம் தாழப் பறக்கும். கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, குடையைச் சுருக்குவதா வேண்டாமா என்று வானத்தைப் பார்த்து நிற்பேன். ஈரத் தார், டீசல் புகை, அவித்த சோளம் எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டு வந்து மூக்கில் உட்காரும். மா பூசிய கோழி கொதியெண்ணெயில் பொரிகிற வாசம். உலகத்தின் பாதி ஊர்களில் கிளை வைத்திருக்கிற கடை அது. எங்கள் வீட்டில் அதற்குச் 'சிவப்புப் பலகை' என்று பேர்.

அந்த வாசம் பிடித்தால் எனக்கு இரண்டு ஊர் ஒன்றாக ஞாபகம் வரும். ஒன்று நான் நிற்கிற ஊர். மற்றது பாரிஸ்.

கால் ஓரிடத்தில் தரிக்காத ஆள் நான். தங்கச்சி யாழ்ப்பாணத்து மாப்பிள்ளை ஒருவரைக் கட்டிக்கொண்டு பாரிஸுக்குப் போய்ப் பல வருடங்கள் கழித்து, டிக்கெட்டும் விசாக் கடிதமும் அனுப்பி என்னை வரவழைத்தாள். "நான் வேலையால வந்ததும் வெளிய போவோம், அதுவரைக்கும் டீவி பாருங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போவாள். கதவு சாத்துகிற சத்தம் அடங்குவதற்குள் நான் படியிறங்கிவிடுவேன்.

ஒருநாள் அப்படிப் போய்த் திசை கெட்டது. குளிர் காதைக் கடித்தது. பசி வேறு. கடைகள் வரிசையாக இருந்தன. ஒன்றின் பேரும் வாயில் நுழையவில்லை. கண்ணாடிக்குள் அடுக்கி வைத்த பலகாரங்களில் எது இனிப்பு, எது பன்றி என்று தெரியாமல் நின்றேன். அப்போதுதான் அந்த வாசம். முனை திரும்பினால், சிவப்புப் பலகை. பிறத்தியார் கல்யாண வீட்டில் சொந்தக்காரன் முகத்தைக் கண்டவனைப் போல உள்ளே நுழைந்தேன்.

உள்ளே ஆள் உயரத்துக்குத் திரைகள் நின்றன. தொட்டால் படம் மாறியது. சோறு மட்டும் எந்தப் படத்திலும் இல்லை. தொப்பி போட்ட ஒரு பெண்பிள்ளை உதவிக்கு வந்தாள்.

"ரைஸ்," என்றேன்.

"ரைஸ்?" என்றாள் அவளும்.

உள்ளே போய் இன்னொருவனைக் கூட்டி வந்தாள். எங்கள் ஊரில் இதே கடையில், இதே பலகைக்குக் கீழே, புரியாணி விற்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அடித்துச் சொன்னேன். கடல் தண்ணீர் எங்கள் ஊரில் இனிக்கும் என்று சொன்னவனைப் பார்ப்பது போல இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு கோழியும் கிழங்கும் வாங்கிச் சாப்பிட்டேன். வாசம் சரி. ருசியும் ஏறக்குறைய சரி. முடித்துவிட்டு எழுந்து, கையை ஏந்திக்கொண்டு பேசின் தேடினேன். கண்டிக் கடையில் நடு மண்டபத்திலேயே பேசின்கள் வரிசையாக நிற்கும். சாப்பிட முன் ஒரு கழுவல், சாப்பிட்ட பின் ஒரு கழுவல். இங்கே ஒன்றுமில்லை. கழிவறைக் கதவிலோ இலக்கம் அமுக்குகிற பூட்டு. காகிதத்தால் துடைத்தேன். துடைத்த கை கழுவிய கையாகுமா? வலது கையை உடம்பில் படாமல் நீட்டிப் பிடித்தபடி, வழி கேட்டுக் கேட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

கதவைத் திறந்தது தங்கச்சியின் மகள். அப்போது சின்னப்பிள்ளை.

"மாமா, கைக்கு என்ன?"

சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் வாசல் நடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "சோறோ? அங்கயோ? மாமா, அங்க போய்ச் சோறு கேட்டனீங்களோ?" தகப்பனிடம் படித்த யாழ்ப்பாணத் தமிழ் அவளுடையது. நான் இருந்த நாள் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லியே என்னைச் சிரிப்பில் பொரித்தெடுத்தாள்.

அந்தச் சிரிப்பு கண்டிக்குப் பக்கத்துப் பிலிமத்தலாவையில் எங்கள் வீட்டு வாசற்படியில் வந்து இறங்கும் என்றுதான் காத்திருந்தோம். சில வருடங்கள் கழித்து, ஆவணி விடுமுறைக்குத் தங்கச்சி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்; பிள்ளைக்கு இந்த ஊர் முதல் தடவை. வேனிலிருந்து இறங்கியது வேறு பிள்ளை. நெடுத்திருந்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள், கேளாததற்கு வாய் திறக்கவில்லை.

வருவதற்கு முன்பே தங்கச்சி போனில் சொல்லியிருந்தாள்: "அண்ணி, இவ இப்பக் கையால சாப்பிடுறதில்ல. ஏன்னு கேட்டா சொல்லவும் மாட்டேங்குறா." என் மனைவி அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள். கண்ணாடி அலுமாரியில், எங்கள் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த வெல்வெட் பெட்டி ஒன்று இருந்தது. முள்ளுக்கரண்டி, கத்தி, கரண்டி எல்லாம் பள்ளத்தில் படுத்திருக்கும். அத்தனை வருடத்தில் ஒருவர் வாயிலும் அவை பட்டதில்லை. எலுமிச்சைத் தோலால் தேய்த்துத் தேய்த்து மினுக்கி, முதல் நாள் மத்தியானம் பிள்ளையின் சோற்றுப் பீங்கானுக்குப் பக்கத்தில் வைத்தாள். மரியாதைக்குத்தான் வைத்தாள். அம்பாரிக்கு மேல் குடை பிடிக்கிற மாதிரி.

பக்கத்து வீட்டு அக்கா புதினம் பார்க்க வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். "பாரிஸ்காரிக்கு முள்ளுக்கரண்டி! நமக்கெல்லாம் ஆண்டவன் குடுத்த அஞ்சு முள்ளுதான்!" என்று ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். எல்லாரும் சிரித்தோம். நானும்தான். பிள்ளை சோற்றை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தள்ளினாள். "பசிக்கேல்லை மாமி."

"மாமி இல்லடா, அத்தை," என்றாள் என் மனைவி. அதற்கும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு அவள் மேசைக்கு வந்தாள், உட்கார்ந்தாள், எழுந்து போனாள். இடியப்பமும் சொதியும் ஆறின. மிளகாய் குறைத்த கோழிக்கறி ஆறியது. பேக்கரிப் பாணும் வாழைப்பழமும் பிஸ்கட்டும் மட்டும் அறைக்குள் போயின. என் மனைவி ஒவ்வொரு நாளும் உறைப்பை இன்னும் குறைத்தாள். கடைசியில் நாங்களெல்லாம் ஆஸ்பத்திரிச் சாப்பாடு சாப்பிட்டோம்.

வியாழக்கிழமை, தங்கச்சி குசினி வாசலில் நின்று சொன்னாள்: "டிக்கெட்ட மாத்தலாம்னு பாக்குறேண்ணே. பிள்ள மெலியுது."

"அடுத்த வருஷம்?"

"வருஷா வருஷம் கூட்டிட்டு வரணும்னுதான் ஆசப்பட்டேன். இந்த வீட்டுல ஒரு வாய் சோறு இறங்காத பிள்ளைய எப்படி மறுபடி கூட்டிட்டு வருவேன்? இனி அவ வரமாட்டா. அவ இல்லாம நானும் எங்க வாறது?"

குசினிக்குள் கரண்டி ஒன்று விழுந்தது. என் மனைவி அதை எடுக்கக் குனிந்தவள் கொஞ்ச நேரம் நிமிரவில்லை.

மறுநாள் கண்டிக்குப் போனோம். குளத்தைச் சுற்றி நடந்தோம். பிள்ளை போனைப் பார்த்தபடி நடந்தாள். டவுனுக்குள் திரும்பியதும் காற்று மாறியது. அவள் தலை நிமிர்ந்தது. மூக்கு முதலில், கண் பிறகு. பலகையைக் கண்டாள். வந்த நாளிலிருந்து அவள் கால்கள் வேகம் கொண்டது அப்போதுதான்.

"மாமா, இங்கயும் இருக்கோ!"

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் மீன் முள்கூட வாசல் தாண்டாத நாள். நான் என் மனைவியைப் பார்த்தேன்.

"என்னங்க பாக்குறீங்க? கூட்டிட்டுப் போங்க. நானும் வாறேன். கோழி வாசம் மூக்குல ஏறினா விரதம் செத்தா போகும்?"

மனைவிக்கு ஐஸ்கிரீம். தங்கச்சிக்குப் பசியில்லை. நான் கோழியை விலக்கி வைத்துவிட்டுச் சோற்றை மட்டும் சாப்பிடுகிற யோசனையில் ஒரு புரியாணி சொன்னேன். விரதக்காரனின் சட்ட நுணுக்கம். பிள்ளை பெட்டி நிறையக் கோழியோடு கதிரையில் உட்கார்ந்து, கண்ணை மூடி ஒரு கடி கடித்தாள். நான் பாரிஸில் கடித்த அதே கடி.

கண்ணைத் திறந்தபோது தண்ணீர் நின்றது.

"இது எங்கட கடை இல்லை மாமா. உறைக்குது."

துண்டைப் பெட்டியில் திருப்பி வைத்தாள். தங்கச்சி போனை எடுத்துக்கொண்டு எழுந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே போனாள். புருஷனிடம் டிக்கெட்டைப் பற்றித்தான் பேசப் போகிறாள் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். என் மனைவியின் ஐஸ்கிரீம் கிண்ணத்துக்குள் உருகிக்கொண்டிருந்தது.

பக்கத்து மேசையில் டியூஷன் முடிந்து வந்த பெண்பிள்ளைகள் ஒரு கூட்டம். புத்தகப் பைகளைக் காலடியில் போட்டுவிட்டு, புரியாணியை விரலால் கிளறி, பிசைந்து, ஒருத்தியின் பெட்டிக்குள் இன்னொருத்தி கைவிட்டு, வாய் நிறையச் சோற்றோடு சிங்களத்தில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை அவர்களைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டாள்:

"மாமா, இங்க கையால சாப்பிடலாமோ?"

"கோழியக் கையாலதானே சாப்பிட்டீங்க?"

"கோழியில்லை. சோறு."

"சாப்பிடலாமே. ஏன்?"

அவள் குளிர்பானக் கிளாசுக்குள் உறிஞ்சுகுழாயைச் சுற்றினாள். காரணம் ஒவ்வொரு வாக்கியமாகத்தான் வந்தது. பள்ளிக்கூடச் சிநேகிதி ஒருத்தி வீட்டுக்கு வந்திருக்கிறாள். இவள் சோறு பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறாள். மறுநாள் பள்ளிச் சாப்பாட்டு மண்டபத்தில் எல்லாருக்கும் நடித்துக் காட்டியிருக்கிறாள், கைக்குழந்தை சாப்பிடுவது போல.

"அவளும் சிவப்புப் பலகையில கையாலதான் கோழி சாப்பிடுறவள், மாமா. விரலெல்லாம் நக்குவாள். சோத்துக்கு மட்டும் என்னவாம்?"

 

"அப்ப நம்ம வீட்டுல?" என்று கேட்டாள் என் மனைவி, மெதுவாக. "நம்ம வீட்டுல எல்லாரும் கையாலதானே கண்ணு சாப்பிடுறோம்?"

"நீங்கள் எனக்கு மட்டும் முள்ளுக்கரண்டி வச்சனீங்கள், மாமி." பிள்ளை மேசையைப் பார்த்தபடி சொன்னாள். "முள்ளுக்கரண்டியால சாப்பிட்டாலும் எல்லாரும் பாப்பினம். விட்டுட்டுக் கையால சாப்பிட்டாலும், 'இங்க பார், கையால சாப்பிடுறாள்' எண்டு பாப்பினம். இங்க ஒருத்தரும் பாக்கேல்லை."

என் மனைவி கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். என் முன்னால் இருந்த புரியாணித் தட்டைத் தூக்கிப் பிள்ளையின் முன்னால் வைத்தாள். பிறகு எனக்கு அவள் மேல் எக்காலமும் மதிப்பு வரும்படி ஒரு காரியம் செய்தாள்: கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்க்க உட்கார்ந்தாள். "நீங்களும் திரும்புங்க," என்று என் முழங்காலில் ஒரு தட்டு.

"முதல் கை கழுவ வேணுமெல்லோ," என்றாள் பிள்ளை.

திரும்பியிருந்தாலும், எதிர்க் கண்ணாடியில் கடையின் உள்பக்கம் தெரிந்தது. நான் என்ன செய்ய? பேசின் வரிசையில், அந்தப் பெண்பிள்ளைகளுக்கு நடுவில் போய் நின்றாள். ஒருத்தி இவள் தடுமாறுவதைக் கண்டு சவர்க்காரப் போத்திலை அமுக்கிவிட்டு, "நங்கி," என்று கையைக் காட்டினாள். இவள் சிரித்தாள். நுரை பொங்கக் கழுவினாள். வந்து உட்கார்ந்து, மெல்லக் கேட்டாள்: "மாமா, நங்கி எண்டால் என்ன?"

"தங்கச்சி," என்றேன், ரோட்டைப் பார்த்தபடி.

"ஓ."

பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். குளிர்பானம் உறிஞ்சுகிற சத்தம். "ஐயோ உறைக்குது" என்று ஒரு முனகல், மறுபடி மூக்கு. எங்கள் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டையெல்லாம் விட்டுவிட்டு, அந்த உறைப்பை அழுதுகொண்டே தின்றாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே தங்கச்சி பேசுவதை நிறுத்தியிருந்தாள். போன் காதில் இருந்தது, கண் உள்ளே இருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். போனுக்குள் இருந்து அவள் புருஷன் "ஹலோ, ஹலோ, எந்தத் திகதிக்குப் பாக்கிறது?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"பொறகு எடுக்கிறேன்," என்றாள். "இல்ல, எடுக்கத் தேவையில்ல. அந்த டிக்கெட் அப்படியே இருக்கட்டும்."

"இவங்க ரெண்டு பேரும் ஏன் இப்படி உக்காந்திருக்காங்க?" என்று மகளிடம் கேட்டாள்.

"ரோட்டைப் பாக்கினம்," என்றாள் மகள், வாய் நிறையச் சோற்றோடு.

சனிக்கிழமை காலையில் நான் எழும்பும்போது வெல்வெட் பெட்டி கண்ணாடி அலுமாரியில் பழைய இடத்தில் இருந்தது. மத்தியானம் எல்லாப் பீங்கானும் ஒரே மாதிரி. கறியில் மிளகாய் திரும்பி வந்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா வழமை போல நிலையில் சாய்ந்தார். வாய் திறக்க முன் என் மனைவி முந்திக்கொண்டாள்: "பாக்க இங்க ஒண்ணுமில்லக்கா. வாங்க, உக்காந்து சாப்பிடுங்க." அக்காவும் உட்கார்ந்துவிட்டார். சோறு பற்றவில்லை, மறுபடி உலை வைத்தோம். பிள்ளை கொஞ்சமாகத்தான் சாப்பிட்டாள். முதல் கவளத்தில் விரல் மேசையைச் சுற்றிப் பயந்து பார்த்தது போல இருந்தது எனக்கு. ஆனால் எழுந்து போகவில்லை. "மாமி, பருப்பு," என்று பீங்கானை நீட்டினாள். யாரும் அவளைத் திருத்தவில்லை.

அவர்கள் புறப்பட்ட காலை பனி கடுகண்ணாவை மலை முழுக்க இறங்கி எங்கள் ரோட்டு வரை வந்திருந்தது. விமான நிலையத்துக்குப் போகிற வேன் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. தங்கச்சி அடுத்த ஆவணியைப் பற்றி அண்ணியோடு பேசிக்கொண்டே ஏறினாள். மிளகாய்த்தூள் பார்சல் மடியில். பிள்ளை ஜன்னல் பக்கம். கண்ணாடியை இறக்கினாள்.

"மாமா, திரும்பவும் எங்களிட்ட வருவீங்களோ?"

"வராம? ஆனா அந்தக் கடையில சோறு இல்லையேடா."

வேன் நகரத் தொடங்கியது. அவள் தலையை வெளியே நீட்டினாள்.

"நீங்கள் வாங்கோ! சோறு நான் வீட்டில இருந்து கட்டிக்கொண்டு வாறன். கை கழுவப் போத்தில்ல தண்ணியும்!"