நாற்பத்தாறாவது கடிகாரம்

என் தங்கை போராடி வாங்கியவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். மின்னணுத் தொழிற்படிப்புச் சான்றிதழ், மூன்றாவது முயற்சியில். இருபத்திரண்டு ஆண்கள் விண்ணப்பித்திருந்த வேலை. ஐந்தடிக்கும் குறைவானவளுக்கு எட்டும்படி ஓர் ஏணி. அதற்கு மட்டும் நான்கு மனு. கடைசியாக, நாற்பத்தாறு கடிகாரங்கள் ஒரே நேரத்தைக் காட்டுவது. இந்தக் கடைசி வெற்றிக்கு எங்கள் வீட்டு நிம்மதியும் சேர்ந்து செலவானது.

அவள் வேலை பார்ப்பது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். அந்த மாதத் தொடக்கத்தில் அறைக்கு ஒன்றாகப் புதுச் சுவர்க் கடிகாரங்களை மாட்டினாள். எதற்கும் வயர் கிடையாது, பேட்டரிதான். அலுவலகத்தில் இருக்கும் ஒரு பெட்டி சரியான நேரத்தை ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே இருக்கும். நாள் முழுக்கக் கேட்டால் பேட்டரி தாங்காது. அதனால் கடிகாரங்கள் காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் சில விநாடி மட்டும் கேட்டு, முள்ளைத் திருத்திக்கொண்டு, மறுபடி காதை மூடிக்கொள்ளும்.

"பேர் கூப்பிடுறப்ப மட்டும் முழிச்சிக்கிற பிள்ளைங்க மாதிரிக்கா" என்று எனக்கு விளக்கினாள். எட்டாவதோடு நின்றவள் நான், எனக்கே புரிந்தது.

தினமும் எட்டு மணிக்கு எல்லா அறைகளையும் சுற்றிப் பார்ப்பாள். நாற்பத்தைந்து கடிகாரங்கள் ஒரே நேரம் காட்டும். பிரசவ அறைக் கடிகாரம் மட்டும் கால் மணி முன்னால் ஓடும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் உடனே அலையைக் கேட்டுத் திருந்திவிடும். மறுநாள் எட்டுக்குப் போனால் மறுபடி கால் மணி முன்னால். இப்படிப் பதினோரு காலை. நான் நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.

அவளுடைய மேற்பார்வையாளருக்கு ஒரே வைத்தியம்தான் தெரியும்.

"பேட்டரிய மாத்தும்மா."

"நேத்துதான் சார் புதுசு போட்டேன்."

"அப்ப இன்னும் புதுசா போடு."

பேட்டரியை மாற்றினாள். கடிகாரத்தையே மாற்றினாள். பெட்டியை வேறு சுவருக்கு நகர்த்தினாள். வீட்டிலும் விடவில்லை. தகரத்துக்குள் அலை நுழையுமா என்று பார்க்க, என் பட்டன் டப்பாவைக் காலி செய்து அதற்குள் ஒரு கடிகாரத்தின் குடலைப் போட்டு மூடினாள். நான் தைக்கும் வாடிக்கையாளர் சட்டைக்கு எடுத்து வைத்த பதினெட்டு பட்டன்களில் பதினாறுதான் திரும்பக் கிடைத்தன.

"அது கடிகாரமா, உன் சக்களத்தியா? எந்நேரமும் அதே நெனப்பு" என்றேன்.

"சக்களத்தின்னா சண்டையாவது போடலாம்க்கா. இது வாயத் தொறக்க மாட்டேங்குது."

பன்னிரண்டாம் நாள் புதன்கிழமை வினை வந்தது. இரட்டைப் பிள்ளைகள். பெண் பிள்ளை பிரசவ அறையில் முதலில் பிறந்தது. இரண்டாவதுக்குச் சிக்கலாகி, தாயை எதிரில் இருந்த அறுவை அறைக்குத் தள்ளிக்கொண்டு ஓடி ஆண் பிள்ளையை எடுத்தார்கள். இரு அறைகளிலும் சுவரைப் பார்த்து நேரம் எழுதினார்கள். பெண்ணுக்கு ஏழு முப்பத்தைந்து. ஆணுக்கு ஏழு முப்பத்திரண்டு.

பிள்ளைகளின் தகப்பன் காகிதத்தோடு அலுவலகத்தில் வந்து நின்றான்.

"முதல்ல பொறந்தது பொண்ணு. நானே வாசல்ல நின்னேன். நீங்க அவள தங்கச்சி ஆக்கிட்டீங்க. எழுதினது டாக்டரா, ஜோக்கரா?"

மேற்பார்வையாளர் என் தங்கையைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் எழுத்துல வரணும். இல்லேன்னா ஏணிய இன்னொருத்தர்கிட்ட குடுத்துட்டுக் கெளம்பு."

அன்று மாலை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். நான் சுவரைப் பார்த்து, "ஏழு ஆயிடுச்சு, எழுந்திரு" என்றேன்.

"ஏழுன்னா ஆறே முக்கால்" என்றாள், பழக்கத்தில். பிறகு எங்கள் கடிகாரத்தையே வெறித்தாள்.

"அக்கா, இத யாரு கால் மணி தள்ளி வச்சது?"

"நான்தான். பின்ன நீ என்னிக்கு நேரத்துக்குக் கெளம்பியிருக்க?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "பன்னெண்டு நாளா ரேடியோவச் சந்தேகப்பட்டேனே, ஆளச் சந்தேகப்பட்டேனா?"

மறுநாள் ஏழுக்கெல்லாம் பிரசவ அறை வாசலில் நின்றாள். தலைமை நர்ஸ் முக்காலி மேல் ஏறி, கடிகாரத்தின் பின்பக்கம் முள்ளை நகர்த்தும் திருகைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. நல்ல சாமானா வாங்கக் கூடாதா? தெனமும் கால் மணி பின்னாடி போயிடுது. நான்தான் ஏறி ஏறிச் சரி பண்றேன்."

"சரியா இருந்ததையாம்மா சரி பண்ணீங்க?"

"இந்த ரூம் கடிகாரம் பதினெட்டு வருஷமா கால் மணி முன்னாடிதான். இல்லேன்னா டாக்டர் ஏழரைக்கு வருவாரா? இங்க எல்லாரும் கழிச்சுத்தான் எழுதுவோம். நேத்து நேரம் எழுதின புது நர்ஸுப் பொண்ணுக்கு அது தெரியல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"நீ கேக்கவே இல்லையே. வருவ, பேட்டரியக் கழட்டுவ, போவ."

என் தங்கை பேட்டரியைக் கழற்றி மாட்டி அதைத் திருத்தினாள். பிறகு நாற்பத்தாறு கடிகாரங்களின் திருகுகளையும் பிடுங்கிவிட்டாள். ரேடியோ இல்லாத பழைய கடிகாரம் ஒன்றைக் கால் மணி முன்னால் வைத்து, டாக்டர்களின் ஓய்வறையில் மாட்டினாள். தலைமை நர்ஸுக்குப் பரம திருப்தி.

காரணக் காகிதம் மீதியிருந்தது. "புதன்கிழமை காலை பிரசவ அறைக் கடிகாரம் கால் மணி முன்னால் ஓடியது. பெண் பிள்ளை பிறந்த சரியான நேரம் ஏழு இருபது. திருகைக் கையால் திருப்பியதால் வந்த பிழை. பதினோரு நாள் பார்த்தும் நான் காரணத்தைக் கண்டுபிடிக்கவில்லை." கடைசி வரியை எடுத்துவிடச் சொல்லித் தலைமை நர்ஸே கெஞ்சியிருக்கிறார். வேலை போனாலும் நடந்தது நடந்ததுதான் என்றாளாம் இவள்.

மூன்று வருடமாக அவள் செய்த வேலைக்கெல்லாம் கீழே கையெழுத்துப் போட்டது மேற்பார்வையாளர். இதைப் படித்ததும் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"கடிகாரத்தப் பாத்துக்கறது நீதானே. நீயே போடு."

அந்தக் காகிதத்தால்தான் அந்தப் பெண் பிள்ளை இன்று அக்கா. ஏணியும் என் தங்கையிடமே இருக்கிறது. பிரதி ஒன்று என் பெட்டியில். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அவள் தன் பெயரை முதல்முதலாக எழுதிக் கையெழுத்திட்டது, அந்த நாற்பத்தாறு கடிகாரங்களில் எதைப் பார்த்திருந்தாலும் காலை பத்து நாற்பதுக்கு. வியாழக்கிழமை, 2019 மார்ச் 14.