கரண்ட் போன பிறகு வந்த கேள்வி

போன வாரத்துக்கு முந்தின வாரம், விருத்தாசலத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே என் தம்பி சேகர், ஒற்றை விரலால் எதையோ டைப் அடித்துக்கொண்டிருந்தான். "நீ கொஞ்சம் வெளிய நில்லுக்கா" என்று அவன் சொன்னதிலிருந்தே நான் கதவை விட்டு நகரவில்லை.

ஆன்லைனில் மனநல ஆலோசனை நமக்கு ஒத்துவருமா என்று உங்களில் சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். அவனைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

சேகர் ஒரு செராமிக் யூனிட்டில் சூளை பார்க்கிறவன். சில மாதங்களாகத் தூக்கம் இல்லை, நெஞ்சுப் படபடப்பு. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பான். ஈசிஜி எடுத்தோம் — நார்மல். "இது மனசு சம்பந்தப்பட்டதும்மா. அதுக்கான டாக்டரைப் பாருங்க" என்றார்கள்.

கேட்பானா?

"அந்த ஆஸ்பத்திரி வாசல்ல நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் பாத்தா போதும்க்கா... அப்புறம் சூளைய என்னை நம்பி வுடுவாங்களா?"

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே!

இன்னொரு வில்லங்கமும் உண்டு. அவன் யூனிட்டில் ஒரு வழக்கம் — கற்பூரம் காட்டிச் சூளையைப் பற்றவைத்துவிட்டால், சரக்கு ஆறி வெளியே வரும்வரை சூளைக்காரன் வாயில் அபசகுனமான வார்த்தை வரக்கூடாது. 'உடைஞ்சிரும்', 'போச்சு'... எதுவும் கூடாது. சொன்னால் சரக்கு வெடித்துவிடுமாம். வீட்டிலும் அதே சட்டம்தான். ஒன்று ஆறுவதற்குள் அடுத்த சூளை தயாராகிவிடுகிறது. அப்புறம் அந்த மனுஷன் தன் பயத்தை எப்போதுதான் வாய்விட்டுச் சொல்வான்?

அதனால்தான் ஆன்லைன். சாட்டில் பேசுகிற ஒரு பெண் கவுன்சலரைத் தேடிப் பிடித்தேன். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்தாலும் புரிந்துகொள்வார். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, போனும் பட்டன் போன்தான், எனவே பிரவுசிங் சென்டர். தோள் உயரத்துக்குப் பலகைத் தடுப்பு. பக்கத்துக் கேபினில் யாரோ பரீட்சை ரிசல்ட் பார்த்துச் சத்தமாகச் சிரிக்கிறார்கள்.

தூக்கம் எப்படி, பசி எப்படி என்று கேள்விகள் வந்தன. சேகர் சொல்லச் சொல்ல நான்தான் டைப் செய்தேன். பரவாயில்லையே, இவ்வளவு சுலபமா என்று எனக்கே தெம்பு வந்துவிட்டது.

அப்போது அடுத்த கேள்வி வந்தது. 'வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறதா?'

'இல்லை' என்று அடிக்கப் போனேன். அவன் என் கையைப் பிடித்தான். அப்புறம்தான் வெளியே போகச் சொன்னான். 'இல்லை' என்று அடிப்பதற்கு அக்காவை ஏன் வெளியே அனுப்ப வேண்டும்?

கண்ணாடிக் கதவு வழியாக அவன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடித்து முடித்தான். நிமிர்ந்தான்.

கரண்ட் போய்விட்டது.

மின்வெட்டு நேரத்தை விசாரித்துக்கொண்டுதான் வந்திருந்தோம். நம் ஊர் கரண்டுக்கு நேரம் காலம் ஏது?

வெளியே வந்தான். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"அனுப்பிட்டேன்க்கா. அவங்க பதிலு வரல."

"என்னடா அடிச்ச?"

"வூட்டுக்குப் போலாம் வா."

"சேகரு..."

"காலையிலதான் சூளை பத்த வச்சிருக்குது. வாயால சொல்லக்கூடாதுக்கா."

கம்ப்யூட்டருக்குச் சொல்லலாம், கூடப்பிறந்தவளுக்குச் சொல்லக்கூடாதா! எனக்கு வந்ததே கோபம்... கோபமா அது? பயம்.

"வெடிச்சா வெடிக்கட்டும்டா! மொத்தச் சரக்கும் தூளாப் போவட்டும்! நீ வாயத் தொறந்து சொல்லு!" என்று கத்தினேன். சைக்கிளில் போனவர் இறங்கி நின்று பார்த்தார்.

"சாவணும்போல இருக்குதுக்கா... தெனமும்."

சொல்லிவிட்டு நடுரோட்டில் நின்று அழுதான். நானும்தான். யார் பார்த்தால் என்ன?

வீட்டுக்குப் போகவில்லை. அவன் மனைவி கலாவைப் போனில் வரச்சொல்லி, அப்படியே பாண்டிச்சேரி பஸ் ஏறினோம். எங்கள் இருவருக்கும் நடுவில் அவனை உட்காரவைத்தோம். நெய்வேலி தாண்டும்போது, "சூளை?" என்றான்.

"அத மொதலாளி பாத்துக்குவாரு. நீங்க சும்மா வாங்க" என்றாள் கலா.

ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். மாத்திரை, டாக்டரோடு பேச்சு, கொஞ்சம் தூக்கம். கலா பக்கத்திலேயே இருக்கிறாள். முழுசாகத் தேறிவிட்டான் என்று எழுதத்தான் ஆசை. இன்னும் இல்லை. போன் அடித்தாலே எனக்குத் திக்கென்கிறது.

அப்போ ஆன்லைன் வேண்டாமா? அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வாயில் வராததை அவன் முதலில் சொன்னது அங்கேதான். தூக்கம் வரவில்லை, வேலையில் டென்ஷன் என்றால் தாராளமாகப் பேசிப் பாருங்கள். ஆனால் எங்கே உட்கார்ந்து பேசப்போகிறீர்கள், பின்னால் யார் நிற்கிறார்கள், லைன் அறுந்தால் பக்கத்தில் யார்... இதையெல்லாம் யோசித்துவிட்டு உட்காருங்கள். உயிரே வேண்டாம் என்று தோன்றுகிறவர்கள் மட்டும் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். யாரையாவது கையோடு கூட்டிக்கொண்டு நேராக டாக்டரிடம் போய்விடுங்கள்.

நேற்று சேகர் பாஸ்வேர்டைச் சொல்லி, அந்தச் சாட்டைத் திறந்து பார்க்கச் சொன்னான். கரண்ட் போன பிறகு கவுன்சலர் திரும்பத் திரும்ப அனுப்பிய ஒரே கேள்வி, திரை முழுக்க வரிசையாக நின்றது — 'சேகர், இப்போது உங்கள் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?'

'இருக்கோம்' என்று அடித்து அனுப்பினேன்.