வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பதில்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் நானும் என் சிநேகிதியும் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தோம். அவள் யாழ்ப்பாணம், நான் ஹட்டன். பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் ஒன்றாகப் படித்தோம். பட்டம் பெற்ற பிறகு அவள் அங்கேயே தற்காலிக உதவி விரிவுரையாளராகச் சேர்ந்தாள். எனக்கு ஒருகொடவத்தையில், இறக்குமதியாகும் உணவுப் பொருட்களைப் பரிசோதிக்கும் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. நாள் முழுக்க கொண்டெய்னர் லொறிகளின் இரைச்சல். மாலையில் அறைக்கு வந்தால் அவளுடைய கதை. நான் முகம் கழுவி, உடுப்பு மாற்றி, ரொட்டி சுட்டு முடித்தாலும் அது முடிந்திருக்காது. எனக்கு அது பிடித்திருந்தது.

நோர்வேயில் ஒரு பேராசிரியை நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரிடம் முதுமாணிப் பட்டம் படிக்க இருவருமே விண்ணப்பித்தோம். ஒரே மேசையில் இருந்து, ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தி, ஒரே மாலையில் அனுப்பினோம். புலமைப்பரிசிலோடு அவர் எடுக்கப்போவது ஒருவரைத்தான் என்பது எங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி மட்டும் நாங்கள் கதைக்கவில்லை.

இடம் அவளுக்குக் கிடைத்தது. அன்றே கனடாவில் ரொறொன்ரோவிலிருந்தும் அவளுக்கு அனுமதி வந்தது. அங்கே அவளுடைய அக்கா இருந்தார்; அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. இரண்டு இடமும் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தன. மறுநாள் வியாழன் காலை, பஸ்ஸில் போகும்போது எனக்கும் நோர்வேயிலிருந்து மின்னஞ்சல் வந்தது. காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. தெரிவானவர் மறுத்தால் இடம் எனக்கு.

அன்று மாலை அவள், "உனக்கு ஏதும் வந்ததோ?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல," என்றேன்.

அவளுடைய முடிவை அது குழப்பிவிடக்கூடாது என்றுதான் மறைத்தேன். ஆனால் மறைத்த பிறகு அவளோடு நேராகக் கதைக்க முடியாமல் போயிற்று. எது நல்லது என்று அவள் தினமும் கேட்டாள். கனடாவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னாலும் அது எனக்காகச் சொன்னதாகிவிடுமோ என்று பயந்து, நோர்வேயை அளவுக்கு மீறிப் புகழ்ந்தேன். அந்த நாட்டுக் குளிரைக்கூடப் புகழ்ந்தேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

புதன்கிழமை பின்னேரம் அக்கா கனடாவிலிருந்து தொலைபேசி எடுத்து அழுதார். பிள்ளையோடு தனியாகச் சமாளிக்க முடியவில்லையாம். தொலைபேசியை வைத்ததும் அவள் மடிக்கணினியைத் திறந்து, நோர்வேக்கு மறுப்பு எழுதப்போவதாகச் சொன்னாள். என் நெஞ்சு துள்ளியது. அடுத்த நொடியே எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் முதல் வரியை அடித்துக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"எத்தினை நாளாத் தெரியும்?"

"போன வியாழக்கிழமையிலேருந்து."

"அப்ப நீ ஒரு கிழமையாச் சொன்னதிலை எதை நான் நம்புறது?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, தண்டவாளத்தைத் தாண்டிக் கடற்கரைக்குப் போனாள். இருட்டுவதற்குள் இரண்டு மரக்கறி ரொட்டியோடு திரும்பி வந்தாள். ஒன்றை என்னிடம் நீட்டினாள். ஆனால் கதைக்கவில்லை. அடுத்த நாளும் கதைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசியில் அழைத்தாள். நான் பருப்பு மாதிரிகளுக்கு இலக்கம் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"நோர்வேக்கு ஓம் எண்டு போட்டன்," என்றாள். "எனக்கு அந்த ஆராய்ச்சிதான் விருப்பம். உனக்காக விட்டுக்குடுத்தனெண்டா, உன்னைப் பாக்கேக்கை எல்லாம் அதுதான் ஞாபகம் வரும். எனக்கு அது வேண்டாம்."

"சரி," என்றேன். "நல்லதுதான் செஞ்சிருக்க."

அதைச் சொன்னபோது பாதிதான் மனதிலிருந்து வந்தது. மீதி வர மூன்று நாள் பிடித்தது. அந்த மூன்று நாளும் தேவையில்லாமல் அலுமாரியை அடுக்கினேன். அவள் போட்ட தேநீரில் சீனி கூடிவிட்டது என்றேன். அவள் அடுத்த தடவை குறைத்துப் போட்டாள். அக்காவுக்கும் அவளே சொன்னாள். அக்கா இரண்டு கிழமை கதைக்காமல் இருந்தார். பிறகு அவர்களுடைய அம்மா கனடாவுக்குப் போவதென்று முடிவாகி அந்த வீடும் ஆறியது.

விசா வந்ததும் குளிர் உடுப்பு வாங்க நுகேகொடைக்குப் போனோம். கடைக்காரரோடு சிங்களத்தில் விலை பேசுவது அவள் வேலை. துணியைத் தொட்டுப் பார்ப்பது என் வேலை. மலைநாட்டில் வளர்ந்த எனக்குக் குளிருக்கு எதை எதன்மேல் போடவேண்டும் என்று தெரியும். நான்கு அடுக்கு மாட்டிக் கண்ணாடி முன்னால் நிறுத்தினேன். கைகளைக் கீழே இறக்க முடியாமல், வியர்த்து வழிய நின்றுகொண்டு, இதோடு எப்படி ஆய்வுகூடத்தில் சோதனைக் குழாயைப் பிடிப்பது என்று கேட்டாள். கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

அடுத்த வருடம் எனக்கு நெதர்லாந்தில் இடம் கிடைத்தது. விண்ணப்பத்தை அவள் அங்கிருந்து வரிவரியாகத் திருத்தித் தந்தாள். பதில் சொல்ல இரண்டு கிழமை தந்திருந்தார்கள். எனக்கு ஒரு நாளே போதுமாக இருந்தது.

போன குளிர்கால விடுமுறைக்கு அவள் என்னிடம் வந்தாள். வந்த மறுநாளே புட்டுக்குச் சம்பல் செய்கிறேன் என்று மிளகாயை வறுத்து, தீ எச்சரிக்கை மணியை அலறவைத்தாள். மாடிக் குடியிருப்பு முழுவதும் கீழே இறங்கிப் பனியில் நின்றது. அவள் ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டாள். பக்கத்து வீட்டு முதியவரைச் சாப்பிட வரச்சொல்லியும் அழைத்தாள். அவர் வந்தார், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.