அம்சா சுட்ட கடலை பிஸ்கட்

சமையலறையில் 'டிங்' என்று மணி அடித்தது. கூடத்தில் கல்பனாவோடு பேசிக்கொண்டிருந்த அம்சா சட்டென்று எழுந்தாள். பிஸ்கட் வெந்துவிட்டது. இனி அவள் தலையெழுத்து கல்பனாவின் நாக்கில்தான்.

கல்பனா பள்ளிக்கூடத் தோழி. திருத்தணி ஸ்டேஷன் பக்கத்தில் பேக்கரி வைத்திருக்கிறாள். "ருசி புடிச்சிருந்தா கடைக்கே வேலைக்கு வந்துடு" என்று போனில் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து அம்சா மூச்சு விட்டதே அந்த வார்த்தையில்தான். கல்யாணமாகி வந்த நாளாக மலைக்கோயிலுக்கும் ரேஷன் கடைக்கும் தவிர அவள் தனியாக வெளியே போனதில்லை. பின்கட்டில் விசைத்தறி ஓட்டும் புருஷன் கஜபதி கெட்டவனில்லை. "உனக்கு இங்க என்னா கொறச்சல்?" என்று சிரித்துக்கொண்டே கேட்பான்.

வறுத்த வேர்க்கடலையை எண்ணெய் கக்கும்வரை மிக்ஸியில் ஓட்டி, நாட்டுச் சர்க்கரையும் மைதாவும் போட்டுப் பிசைந்து, கொழுந்தன் வாங்கி வந்த ஏர் ஃப்ரையரில் வைத்திருந்தாள். முட்டை சேர்க்கவில்லை. ஆடிக் கிருத்திகைக் காவடிக்காகக் கஜபதி மாலை போட்டிருந்தான். மாலை கழுத்தில் இருக்கும்வரை அவன் எல்லோருக்கும் 'சாமி'. சாமி சொன்னால் அந்த வீட்டில் எதிர்ப்பேச்சு இல்லை. பெண்கள் கண்ணீர் விட்டால் விரதமே கெட்டுவிடும்.

தறியை நிறுத்திவிட்டு வந்த கஜபதிக்கு முதலில் தட்டை நீட்டினாள். அவன் கடித்துவிட்டுத் தலையாட்டினான். அடுத்து எடுத்த கல்பனா, மென்றபடியே கண்ணை மூடினாள்.

"ஏய், ஸ்கூல்ல உப்புமாவக் கரியாக்கினவளா நீ? சாமி, இவள எங்கிட்ட வுட்டுடுங்க. பெரிய ஓவன் வாங்கி வச்சிகினு ஆளில்லாம தவிச்சிகினு கீறேன்."

அம்சா வாயைத் திறந்தாள். அதற்குள் கஜபதி முந்திக்கொண்டான்.

"கடைக்கு எதுக்கும்மா? அதான் தம்பி வாங்கியாந்த மெஷின் வூட்டுலயே கீதே. குந்தின எடத்துலயே சுடட்டும். நானே வண்டியில கொண்டாந்து தரேன். வேணும்னா இன்னொரு மெஷினும் வாங்கிப் போடறேன்."

பிரியமாகத்தான் சொன்னான். வெளியே போக வழி என்று அவள் நம்பியிருந்த மெஷினே அவளை உள்ளே கட்டிப்போட்டது.

கல்பனா அம்சாவைப் பார்த்தாள். பிறகு ஏதோ கணக்குப் போட்டவள் போலத் தட்டைப் பார்த்தாள்.

"எனக்கும் ஆள் சம்பளம் மிச்சம். சாமி சொன்னா சரிதான்."

"சாமி, நான் வந்து..." என்றாள் அம்சா.

"ஆங்?"

அவன் மார்பில் கிடந்த மாலை அவள் நாக்கைக் கட்டியது. கண்ணில் முட்டியதை இமைக்குள்ளேயே அடக்கினாள்.

"ஒண்ணுமில்ல. டீ போடட்டுமா?"

வாசலில் செருப்பை மாட்டும்போது கல்பனா கிசுகிசுத்தாள். "மாலையக் கழட்டினப்புறம் பேசிப் பாருடி."

"மாலையோட சொன்னது சாமி வாக்காச்சே. அத அவரே மாத்த மாட்டாரு."

கல்பனா அவள் கையை அழுத்திவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். தெருமுனை திரும்பும்வரை அம்சா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"தூசி வருது பாரு, உள்ள வா" என்ற கஜபதி, அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கதவைச் சாத்தினான்.