அவர் பெயரில் இனி ஒன்றும் வராது

செய்தி ஒரு வரியில் வந்தது. "ஜெசிந்தா அக்கா காலமை போயிட்டா." அவருடைய தங்கை அனுப்பியிருந்தார். காய்ச்சல். ஐந்தே நாள்.

நான் நாரந்தனை அலுவலகத்தில், அவருடைய கதிரைக்கு அடுத்த கதிரையில் இருந்தேன். அவருடைய கணினியில் கையொப்ப டோக்கன் செருகியபடியே இருந்தது. அதன் சிறிய பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி தங்கை கேட்டார். அமைதியானவர் என்று எழுதுவது வழக்கம். அவர் அமைதியானவர் அல்லர். நானும் இன்று அமைதியாக இல்லை.

அறியாதவர்களுக்காக: தீவுகளின் சிறு மருந்தகங்களுக்கு நாங்கள் ஓர் இணையச் செயலி செய்தோம். எந்த நோயாளிக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று காட்டுவது. இணைப்பு அடிக்கடி அறுவதால், ஒவ்வொரு புதிய பதிப்பையும் பொதியாகக் கட்டி மருந்தகக் கணினிகளுக்கு அனுப்புவோம். அனுப்புமுன் அதில் மின் கையொப்பம் இடவேண்டும். இடையில் எவர் ஓர் எழுத்தை மாற்றினாலும் அது உடைந்துவிடும். கையொப்பமிடும் சாவி, விரல் நீளமான அந்த டோக்கனுக்குள் இருந்தது. திறக்க ஓர் இரகசிய இலக்கம்.

சான்றிதழ் எடுத்த காலத்தில் நிறுவனத்தின் பதிவுப் பத்திரங்கள் சரியாக இல்லை. ஜெசிந்தா அக்காவிடம் எங்கள் பணிப்பாளர் கேட்டார். "உம்மட பேரில எடும் பிள்ளை. கொஞ்ச நாளைக்குத்தானே." அவர் தமது அடையாள அட்டையைக் கொடுத்தார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. பொதி போய்ச் சேரும் ஒவ்வொரு திரையிலும் அவருடைய முழுப் பெயர் வந்தது: வெளியிட்டவர், சூசைதாசன் ஜெசிந்தா.

ஒருமுறை இருவரும் குறிகாட்டுவானில் படகேறி நெடுந்தீவு மருந்தகத்துக்குப் போனோம். தாதி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓ, நீங்களோ அந்தப் பேர்! வயசான ஆளாக்கும் எண்டு நினைச்சனான்."

"பேர் வராட்டி என்ன செய்வியள், மிஸ்?"

"ஏற்கிற பொத்தானை அமத்த மாட்டம்."

திரும்பி வருகையில் கடல் மோசம். நான் படகோரத்தில் குனிந்து சத்தி எடுத்தபடி வந்தேன். அக்கா சிரித்துக்கொண்டே வந்தார், அந்தப் பதிலுக்காக.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. ஒரு பொதியில் தசமப் புள்ளி விழுந்துபோயிருந்தது. இரண்டரை மில்லி, இருபத்தைந்தாகத் தெரிந்தது. அவர் கையொப்பமிட மறுத்தார். பணிப்பாளர் கத்தினார்.

"திங்கள் திருத்தலாம். ஒரு அமத்தல்தானே!"

"சனி ஞாயிறு பிள்ளையளுக்குக் காய்ச்சல் வருத்தம் வராதோ, சேர்? பேர் என்ர. ஏலாது."

அன்று நான் அவர் பக்கம் பேசவில்லை. வீட்டுக்குப் போகப் பிந்துகிறது என்று அவர்மேல் எரிச்சல்பட்டேன்.

தங்கையின் கலியாணத்துக்கு விடுப்பில் போனபோது அக்கா டோக்கனை என்னிடம் தந்தார். தொலைபேசியில் இலக்கத்தையும் சொன்னார். "ஒருக்காத்தான். முடிஞ்ச உடன கழட்டிப்போடும். இலக்கத்தையும் அழிச்சுப்போடும். விளங்கிச்சோ?"

"ஓம் அக்கா."

கழற்றினேன். அழிக்கவில்லை. பொதியைத் தானாகக் கட்டி அனுப்பும் நிரலுக்குள் இலக்கத்தை எழுதிவைத்தேன். டோக்கன் செருகியிருந்தால் போதும், கையொப்பத்தையும் அதுவே இட்டுவிடும். சுகமாக இருந்தது. பணிப்பாளர் தோளில் தட்டினார்.

காய்ச்சல் வந்த அன்று அக்கா பாதி வேலையில் எழும்பிப் போனார். அன்றுதான் முதன்முறையாக டோக்கனைக் கழற்ற மறந்தார். நான் கண்டேன். விட்டுவிட்டேன்.

செத்த வீட்டுச் சந்தியில் நிறுவனத்தின் பதாகை தொங்கியது. 'ஈடுசெய்ய முடியாத இழப்பு.' பொய். ஈடுசெய்யத் தேவையே இருக்கவில்லை. நிரல் ஓடிக்கொண்டிருந்தது.

எட்டாம் நாள் நெடுந்தீவுத் தாதி அழைத்தார்.

"தம்பி, போன கிழமைதான் அவவுக்கு மண் போட்டிட்டு வந்தனாங்கள். இண்டைக்கு அவவின்ர பேரில ஒண்டு வந்து நிக்குது. ஆர் அனுப்பினது?"

யாரும் அனுப்பவில்லை. யாரும் சோதிக்கவும் இல்லை. எழுந்துபோய் டோக்கனைப் பிடுங்கினேன்.

"என்ன செய்யிறீர்?" என்றார் பணிப்பாளர்.

"அவ இல்லை, சேர்."

"ஆள் இல்லாட்டி என்ன? சான்றிதழ் இன்னும் ஒண்டரை வருசம் செல்லும்."

இந்தப் பக்கத்தை அவரும் வாசிப்பார். வாசிக்கட்டும். எனக்கு அங்கே இப்போது கதிரை இல்லை.

தங்கையும் நானும் சான்றிதழ் வழங்கிய நிறுவனத்துக்கு எழுதினோம். எந்தத் திகதியிலிருந்து செல்லாததாக்க வேண்டும் என்று கேட்டார்கள். அதற்கு முன் இட்ட கையொப்பங்கள் நிலைக்கும். பின்னர் இட்டவை விழும். அக்கா இறந்த திகதியை நான் எழுதப்போனேன். தங்கை என் கையைப் பிடித்தார்.

"இல்லை. அவ காய்ச்சலோட கதிரையை விட்டு எழும்பின நாள்."

அதையே எழுதினோம்.

நெடுந்தீவில் இப்போது பழைய பதிப்பே ஓடுகிறது. அக்கா தம் கையால் ஒப்பமிட்ட கடைசிப் பொதி. திறந்து பார்த்தால் அவருடைய பெயர் இருக்கிறது. பின்னால் வந்ததைத் திரை ஏற்கவில்லை. தாதியும் அமத்தவில்லை.

நான் தங்கையிடம் கொடுத்த டோக்கன், அக்காவின் செபமாலைப் பெட்டிக்குள் கிடக்கிறது. விளக்கு எரியவில்லை.

கழட்டிப்போட்டன், அக்கா. பிந்தித்தான். போயிட்டு வாங்கோ.