ஒரே தாளத்தில் நான்கு பேர்: மன்னார்குடிக்கு ஒரு பொறாமைப் பயணம்

பொங்கல் முடிந்த வாரம் மன்னார்குடிக்குப் போனேன். கோயில் பார்க்க அல்ல, சண்டை போட.

அங்கே ஜெரோம் என்று ஒரு இசையமைப்பாளர். மாடியறையில்தான் ஸ்டூடியோ. ஆறு மாதம் முன்பு ஜமைக்காவின் ரெகே பாணியில் ஒரு இசைத்தடம் அனுப்பி, “இது உங்களுக்குன்னே போட்டது ரேவதி” என்றார். டிரம்ஸ், அடியில் முழங்கும் பேஸ், ஓரத்தில் கிடார், அவ்வளவுதான். பிரிவைப் பற்றி எழுதிப் பாடி அனுப்பினேன். பிறகுதான் தெரிந்தது, அதே தடத்தை இன்னும் மூன்று பேருக்குக் கொடுத்திருக்கிறார். ரெகேயில் இதற்கு ‘ரிதிம்’ என்று பெயர்: தாளமும் பேஸும் ஒன்று, பாட்டு ஆளுக்கொன்று. வழக்கம்தான். வயிறு எரிந்ததும் உண்மைதான்.

தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தில் பஸ் ஏறினேன். நாற்பது கிலோமீட்டருக்குள்தான், வழியெல்லாம் அறுவடை என்பதால் ஒன்றரை மணி நேரம் ஆனது. வடுவூர் ஏரி நிறையப் பறவைகள். இறங்கிப் பார்க்க மனமில்லை. நீங்கள் இறங்குங்கள்.

“எனக்குன்னுதானே சொன்னீங்க?” என்று மாடியேறியதும் கேட்டேன்.

“நாலு பேர்கிட்டயும் அதைத்தான் சொன்னேன்” என்றார் ஜெரோம், கூச்சமே இல்லாமல். “உக்காருங்க, கேளுங்க.”

இரண்டு பாட்டுகள் சுமார். நிம்மதியாக டீ குடித்தேன். மூன்றாவது, நன்னிலத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ஃபரீதா பாடியது. வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் வருமா என்று காத்திருக்கும் பாட்டு. “வருமா?” என்று கேட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார். பேஸ் மட்டும் நடந்து வருகிறது. நான் வார்த்தையால் அடைத்துவிட்ட அதே இடம். அங்கே அப்படியொரு பேஸ் இருப்பதே அன்றுதான் எனக்குக் கேட்டது. டீ இறங்கவில்லை.

“இதுக்கு ஒரு பின்குரல் வேணும். நீங்க பாடுறீங்களா?” என்றார் ஜெரோம்.

“தொண்டை சரியில்லை” என்று சொல்லிவிட்டு தெப்பக்குளக் கரைக்கு வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்தார்.

“ரேவதிதானேங்க? நான் ஃபரீதா. ஜெரோம் அண்ணன் இன்னைக்கு வரச்சொல்லியிருந்தாங்க, நீங்க குளத்துப் பக்கம் போனதா சொன்னாங்க. பின்குரலுக்கு நீங்கதான் வேணும்னு நான்தான் கேட்டேன்.”

“ஏன் நான்?”

“உங்க பாட்டை அண்ணன் முதல்லயே போட்டுக் காட்டிட்டாங்க. ரெண்டு நாள் சோறு எறங்கலங்க. அவ்வளவு வார்த்தைக்கு நான் எங்க போறது? அதான் அந்த இடத்தைப் பேசாம விட்டுட்டேன்.”

அவர் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது. மாடியேறிப் போய்ப் பாடினேன். அந்த “வருமா?”வுக்குப் பிறகு நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். பாடியதைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது. பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை.

போகிறவர்களுக்கு: தையில் போனால் வெயில் தொந்தரவில்லை. குளக்கரைக்குச் சாயங்காலம் போங்கள். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு நான்கு பாட்டையும் கேட்பதானால், என்னுடையதை முதலில் கேட்டுவிடுங்கள். ஃபரீதாவுக்குப் பிறகு என்னைக் கேட்கமாட்டீர்கள்.